நீல மூலை

என் கணினியில் கற்கள் எல்லாம் உருண்டை.
மலையை உடைத்தவனுக்குத் தெரியும் அது பொய்யென்று.
எனக்கும் தெரியும்.
உருண்டைக்கு உருளத் தெரியும், நிற்கத் தெரியாது.
அதனால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பிடிவாதம் கொடுத்தேன்,
தசமப் புள்ளிக்குப் பின்னால்.

எவ்வளவு பிடிவாதம்?
அதற்காகத்தான் ஒரு வாளித் தாமிரத் தாதை
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கலாமாவில் ஜூலை இரவு. குழாயில் நீர் உறைந்திருந்தது.
கேக் தகரத்தின் அடியை வெட்டிச்
சமையலறைத் தரையில் நிறுத்தி
வாய்வரை நிரப்பி, மெல்ல மேலே தூக்கினேன்.
குவியல் சரிந்தது,
கொஞ்சம் யோசித்தது,
நின்றது.
முப்பத்தேழு பாகை.
திரும்பச் செய்தேன், முப்பத்தேழு.
மூன்றாம் முறை முப்பத்தொன்பது;
பூனை வந்து முகர்ந்ததும் முப்பத்தாறு.
பூனையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதினொரு லட்சம் உருண்டைகள்.
எது எதைத் தொட்டது, எவ்வளவு அழுத்தியது,
எந்தப் பக்கம் வழுக்கியது என்று
நொடியை லட்சமாய் நறுக்கி
ஒவ்வொரு நறுக்கிலும் அத்தனை பேரையும் கேட்க வேண்டும்.
நான்கு இரவு எந்திரம் முனகியது.
கிடைத்தது,
கற்கள் இறங்கும் பன்னிரண்டு நொடி.

வேகம் சிவப்பு. மந்தம் மஞ்சள். அசையாதது நீலம்.
இரும்புக் குதிரின் வடகிழக்கு மூலையில்
ஒரு சின்ன வீட்டளவு நீலம்.
மேலே கொட்டுகிறது, கீழ்வாய் விழுங்குகிறது,
நடுவில் ஆறாய் ஓடுகிறது செம்மை.
அந்த மூலை மட்டும்
எப்போதோ கேட்ட வசைக்கு
இன்னும் பதில் தேடுகிறவளைப் போல
அப்படியே.

மேலாளர் அராங்கிஸ் படத்தைப் பார்த்தார்.
"இரண்டாயிரம் டன் கொள்ளும் குதிரில்
நானூறு டன் சும்மா கிடக்கிறதா?
உன் நிரலுக்குத்தான் வாதம் பிடித்திருக்கிறது, யாஸ்னா."

வெளியே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன்.
அதே மூலை. அதே உயரம்.
தகடெங்கும் சம்மட்டி பட்ட பள்ளங்கள்,
அம்மை போட்ட முகம்போல.
அடைத்துக்கொண்ட இரவெல்லாம்
யார் யாரோ வந்து அடித்த இடம்.
ஆறு ஆண்டாய் அதன் நிழலில்தான்
என் வண்டியை நிறுத்துகிறேன்.

"துரு" என்றார் அராங்கிஸ்.

ஆகஸ்டில் ஆலை நின்ற மூன்று நாளில்
குதிரின் வயிற்றைக் காலி செய்தார்கள்.
காலியாகவில்லை.
வடகிழக்கில் சுவரோடு சுவராய் ஒரு மேடு.
நிக்கனோர் கோல்கே கயிற்றில் தொங்கியபடி
மேலிருந்து கடப்பாரை போட்டார்.
என் நீலத்தைவிட அது ஓரடி ஒல்லி.
அந்த ஓரடி இன்னும் உறுத்துகிறது.

பாளம் பாளமாய்ப் பெயர்ந்தது.
நடுவிலிருந்து விழுந்தது ஒரு கையுறை.
இடது கை. விரல்கள் லேசாய் மடங்கி,
மணிக்கட்டில் அழியாத மையில்
நி. கோல்கே.

பதினான்கு ஆண்டுக்கு முன்
மேல் சன்னலில் எட்டிப் பார்த்தபோது நழுவியதாம்.
எத்தனை லட்சம் டன் அதை உரசிக்கொண்டு போயிருக்கும்,
அரவைக்கு, உருக்காலைக்கு, அந்தோஃபகஸ்தா துறைமுகத்துக்கு,
எந்தெந்த நாட்டு வீட்டுச் சுவருக்குள்ளோ
கம்பியாய்.
கையுறை விரற்கடை நகரவில்லை.

அராங்கிஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.
சாய்வை மாற்றப் பணம் ஒதுக்கினார்.
அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில்
அளவுகோலின் பக்கத்தில் வைத்து எடுத்த
கையுறைப் படம். அடியில் எழுதினேன்:
மாதிரியின் சரிபார்ப்பு.

கோல்கே அறிக்கையைப் படிக்கவில்லை.
கையுறையை மாட்டிப் பார்த்தார்.
விரல்கள் தடித்திருந்தன; பாதிவரைதான் போயிற்று.
அப்படியே, அந்தப் பாதிக் கையோடு,
சம்பளப் பிரிவுக்கு நடந்தார்,
தொலைத்ததற்காக அன்று பிடித்த
நாலாயிரம் பெசோவை
வட்டியோடு கேட்க.